நானுஓயாவுக்கு மூன்று டிக்கெட்

ஹட்டனிலேயே அந்த வேலையை முடித்திருக்கலாம். வட்டவளையில் ரயில் ஏறினால் ரொசல்லை, அடுத்தது ஹட்டன். அங்கிருந்த விவாகப் பதிவுக்காரர் பெயரைக் கேட்பார், வயதைக் கேட்பார், கைநாட்டு வாங்குவார், அடுத்த ஆளைக் கூப்பிடுவார். எங்கள் தோட்டத்தில் எத்தனையோ பேர் அவரிடம் பதிந்துகொண்டு, வரும் வழியில் டீயும் பணிசும் சாப்பிட்டுவிட்டு மத்தியானத்துக்குள் லயத்து வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார்கள். இல்லை, நுவரெலியாவுக்கே போவோம், அது பெரிய இடம், அங்கே குத்தும் முத்திரைக்கு ஒரு கனம் உண்டு என்று சொன்னவன் நான்தான். அப்படிச் சொன்ன வாய்க்கு இன்றுவரை மூன்று வேளையும் சோறு போட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

என் பெயர் நல்லமுத்து. வெள்ளக்கல் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார். ஒரே மண்டபம், ஐந்து வகுப்பு, ஒரு வாத்தியார். எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் எழுத வரும். எல்லாத் தொல்லைக்கும் அதுதான் ஆரம்பம். நாற்பத்தெட்டில் நாடு சுதந்திரம் வாங்கிய கையோடு, தோட்டத்துச் சனங்கள் இந்த நாட்டுக்காரர்கள் இல்லை என்று சட்டம் வந்தது. பிறகு, வேண்டுமானால் மனுப் போடுங்கள், எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள், பெண்டாட்டி பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று காட்டினால் பிரஜாவுரிமை தருவதைப் பற்றி யோசிக்கிறோம் என்று இன்னொரு சட்டம் வந்தது. ஐம்பத்தோராம் வருஷத்தில் நான் பாடம் சொல்லிக் கொடுத்ததைவிட மனு எழுதிக் கொடுத்ததுதான் அதிகம். எனக்கு அதில் தாங்க முடியாத பெருமை. எல்லோரும் எழுதுவதைவிட ஒரு வரி கூடுதலாக எழுதினால் அதிகாரியின் மனம் இளகிவிடும் என்று நம்பியிருந்தேன்.

அப்படி நான் எழுதிய மனுக்களில் ஒன்று ஆண்டியப்பனுடையது.

ஆண்டியப்பன் கவ்வாத்துக்காரன். தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டி மட்டம் பண்ணும் அந்த வேலையில் அவன் கைக்கு நிகர் கிடையாது. பேச்சில் மட்டும் கஞ்சன். அவன் பெண்டாட்டி வேலாயி கொழுந்து எடுப்பவள். அவன் மிச்சம் பிடித்த பேச்சையெல்லாம் சேர்த்துச் செலவழிக்கிறவள். மூத்தது மீனம்மா, அடுத்து இரண்டு பையன்கள் என்று மூன்று பிள்ளைகள்.

அவர்கள் கல்யாணம் நடந்த கதை தோட்டம் முழுக்கத் தெரிந்த கதை. ஆண்டியப்பனுக்கு அம்மாக்கண்ணு என்று ஒரு அக்காள் இருந்தாள். அவளை இந்தியாவில் முசிறிப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். புருஷன் வாந்திபேதியில் போய்ச் சேர, இரண்டு வயதுப் பெண்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, தன் அப்பன் வேலை செய்த இந்தத் தோட்டத்துக்கே அவள் கப்பலேறி வந்துவிட்டாள். அந்தக் குழந்தைதான் வேலாயி. வந்து இறங்கிய அன்றைக்கே எட்டு வயதுத் தம்பி ஆண்டியப்பனின் மடியில் குழந்தையைப் போட்டு, இது உனக்குத்தான் என்று அம்மாக்கண்ணு சொன்னாளாம். அக்காள் மகளைத் தாய்மாமன் கட்டுவதைவிட மேலான சம்பந்தம் எங்கள் சனத்தில் கிடையாது. உரிமைப் பெண் இருக்கும்போது தம்பிக்காரன் வெளியே பெண் பார்த்தால் அக்காள் சும்மா விடமாட்டாள்; ஊரும் சும்மா விடாது. வேலாயி பெரியமனுஷி ஆனபோது தாய்மாமன் முறைக்குப் பச்சைக் குடிசை கட்டியவனும் ஆண்டியப்பன்தான். பிறகு மாரியம்மன் கோயிலில் தாலி கட்டியவனும் அவன்தான். அன்றைக்கு அவனுக்குத் துரை லீவு கொடுத்து, ஒரு வேட்டியும் கொடுத்தார். இதைப் பதிய வேண்டும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

மனுவில் அவர்களுடைய நிலைமை இதுதான். ஆண்டியப்பன் தோட்டத்தில் பிறந்தவன். அவனுக்குப் பிறப்புப் பத்திரம் இருந்தது. வேலாயி இந்தியாவில் பிறந்தவள். தனியாகக் கேட்டால் அவளுக்கு ஒன்றும் கிடைக்காது. அவன் மனைவி என்ற முறையில்தான் அவளும் பிள்ளைகளும் அவனோடு ஒரே மனுவில் ஏறியிருந்தார்கள்.

நாலு வருஷம் சத்தமில்லை. ஐம்பத்தைந்தில் மாசி மாதம் கடிதம் வந்தது. மூன்று மாதத்துக்குள் விவாகச் சான்றிதழ் அனுப்ப வேண்டும், தவறினால் மனைவி பிள்ளைகளின் பெயர் மனுவிலிருந்து நீக்கப்படும் என்று எழுதியிருந்தது. பள்ளிக்கூடத்து வாசலில் நின்று நான் அதைப் படித்துச் சொன்னபோது, பேரை எடுத்துவிட்டால் என்னவாகும் என்று வேலாயி கேட்டாள். நீயும் பிள்ளைகளும் இந்த நாட்டுக்குச் சொந்தமில்லாதவர்கள், என்றைக்கு வேண்டுமானாலும் கப்பலேற்றலாம், ஆண்டியப்பன் மட்டும் இருப்பான் என்றேன். அவள் முகம் செத்துப்போயிற்று. நான் சிரித்தேன். கல்யாணம் நடந்திருக்கிறது, மாப்பிள்ளையும் பெண்ணும் உயிரோடு இருக்கிறார்கள், ஒரு நாள் போய்ப் பதிந்துகொண்டு வந்தால் முடிந்தது காரியம், இதற்குப் போய் அழலாமா என்று கேட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நுவரெலியா ஏரியைப் பார்த்திருக்கிறாயா என்றும் கேட்டேன்.

ஒரு புதன்கிழமை காலை வண்டிக்கு வட்டவளையில் மூன்று டிக்கெட் வாங்கினோம். நானுஓயாவில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் நுவரெலியா. நான் போனது சாட்சிக் கையெழுத்துப் போட. வேலாயி கூறைப்புடவையைக் கட்டியிருந்தாள். பதினேழு வருஷம் பெட்டியில் கிடந்ததில் மடிப்புகள் மட்டும் வெளுத்திருந்தன. ஆண்டியப்பன் யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டுப் போட்டிருந்தான். அதன் கை இரண்டும் மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிட்டன. மாப்பிள்ளை அவசரத்தில் வளர்ந்துவிட்டார் போலிருக்கிறதே என்று கேலி செய்தேன். அவன் கோட்டுக் கையைக் கீழே இழுத்துக்கொண்டு சிரித்தான்.

வேலாயிக்கு ஹட்டனுக்கு மேலே ஒன்றும் தெரியாது. சிங்கமலைச் சுரங்கத்துக்குள் வண்டி நுழைந்ததும் ஆண்டியப்பனின் கோட்டைப் பிடித்துக்கொண்டாள். வெளிச்சம் வந்ததும் பிடித்துக்கொள்ளாதவள் மாதிரி ஜன்னலைப் பார்த்தாள். கொட்டகலை தாண்டி மலை மலையாகத் தேயிலை வந்தபோது இரண்டு பேரும் வேலைக்காரர்களாகி விட்டார்கள். இந்தத் தோட்டத்தில் கொழுந்தை முற்ற விட்டுவிட்டார்கள் என்று இவள் குறை சொல்வாள். அந்தக் கவ்வாத்தைப் பார், கழுதை மேய்ந்த மாதிரி இருக்கிறது என்பான் அவன். அவன் அத்தனை வார்த்தை தொடர்ந்து பேசி நான் கேட்டதில்லை. எனக்கு என்னவோ நானே அவர்களுக்குக் கல்யாணம் செய்து வைக்கிற மாதிரி ஒரு நிறைவு. அந்த நிறைவை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

நுவரெலியாவில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது பதிவுக் கந்தோர் திறக்க நேரமிருந்தது. ஏரிக்குப் போனோம். பனி விலகாமல் தண்ணீர் பாதிதான் தெரிந்தது. ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி நாயோடு நடந்து போனாள். கரையில் படகுகள் கட்டிக் கிடந்தன. வேலாயி ஒரு பெரிய மூச்சு விட்டு, "இம்புட்டுத் தண்ணிய வச்சிக்கிட்டு என்னா பண்றாங்க மாஸ்டர்?" என்று கேட்டாள். குடிக்கவா, வயலுக்கா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். நான் பதில் தேடுவதற்குள், "பாக்குறாங்க" என்றான் ஆண்டியப்பன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் காலை வைத்தாள். குளிரில் துள்ளினாள். பாசி வழுக்கும் என்று ஆண்டியப்பன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். பகல் வெளிச்சத்தில், வெளியாள் பார்க்க, அவன் அதற்குமுன் ஒருநாளும் அவள் கையைப் பிடித்திருக்கமாட்டான். நான் நாயைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். பிள்ளைகளை ஒருதரம் கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்று அவள் சொல்வது காதில் விழுந்தது. பத்திரம் வந்ததும் வருவோம் என்று அவன் சொல்வதும் விழுந்தது. அன்றைக்கு நல்ல நேரம் என்று ஒன்று இருந்ததென்றால் அந்த அரைமணி நேரம்தான்.

கந்தோரில் இருந்த கிளார்க் யாழ்ப்பாணத்துக்காரர். வழுக்கைத் தலை, கம்பளிக் கழுத்துத் துண்டு. நல்ல மனுஷர், தோட்டத்து ஆட்களை நிற்கவைத்துப் பேசாமல் வாங்கில் உட்காரச் சொன்னார். கடிதத்தைப் படித்தார். எத்தனையோ பேர் இதற்காகத்தான் வருகிறார்கள், கஷ்டமில்லை, இன்றைக்கு அறிவித்தல் கொடுத்துவிட்டுப் போனால் இரண்டு வாரத்தில் வந்து பதியலாம் என்றார். பாரத்தை எடுத்து ஆண்டியப்பனின் பெயர், வயது, தொழில் எல்லாம் நிரப்பினார். வேலாயியின் பக்கத்துக்கு வந்தபோது, பிள்ளைகள் மூன்று பெற்றபிறகு மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறீர்களே, முதலில் எங்கே கண்டுபிடித்தீர்கள் என்று விளையாட்டாகக் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அவள் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்திருந்தால் போதும். வேலாயிக்கு ரோஷம் வந்துவிட்டது. தன்னை ஊர் பேர் தெரியாத ஒருத்தனோடு வந்தவள் என்று அவர் நினைத்துவிடக் கூடாதே என்ற பதற்றம்.

"கண்டுபிடிச்சவரு இல்லீங்க. எங்கம்மா கூடப் பொறந்த தம்பிங்க இவரு. எனக்கு ரெண்டு வயசுலயே இவருதான்னு பேசி வச்சது" என்றாள். நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள்.

கிளார்க்கின் பேனா நின்றது. அவர் என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதும் புத்தி வேலை செய்யவில்லை. ஆமாம் ஐயா, சொந்தத் தாய்மாமன்தான், முறையான சம்பந்தம் என்று பல்லெல்லாம் தெரிய நற்சாட்சிப் பத்திரம் கொடுத்தேன்.

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்தி என்னிடம் மட்டும் பேசினார். "மாஸ்டர், நீங்கள் படிச்ச ஆள். தமக்கையின்ர மகளைக் கட்டினால் இந்த நாட்டுச் சட்டத்தில அது கலியாணமில்லை. பதியேலாது எண்டது மட்டுமில்லை, அது குற்றம். ஆரும் எழுதிப்போட்டால் இவரைக் கோர்ட்டில நிப்பாட்டுவினம்."

நான் விடவில்லை. எங்கள் சனத்தில் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து உள்ள வழக்கம் என்றேன். இந்தியாவில் செல்லும் என்றேன். தோட்டத்தில் இப்படி எத்தனை குடும்பம் இருக்கிறது தெரியுமா என்று எண்ணிக்கூடக் காட்டப் போனேன். அவர் கையை நீட்டித் தடுத்தார். அங்கே செல்லட்டும், இங்கே செல்லாது. மற்றக் குடும்பங்களின் பெயரைத் தயவுசெய்து என்னிடம் சொல்லாதீர்கள் என்றார். பிறகு அந்தப் பாரத்தை நாலாகக் கிழித்தார். தான் எதையும் கேட்கவில்லை, நாங்கள் எதையும் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்வோம் என்றார். அது அவர் எங்களுக்குச் செய்த உபகாரம். ஆனால் அதற்குப் பிறகு அவர் வேலாயியின் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கு அருவருப்பாக இருந்தது. அதை மறைக்கத்தான் அவ்வளவு மரியாதையாக எங்களை வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.

அவர் பேசியதும் தமிழ்தான். ஒரு வார்த்தை விடாமல் வேலாயிக்கு விளங்கியிருக்கும். இருந்தும் வெளியே வந்து, அவர் என்ன சொன்னார் என்று என்னைக் கேட்டாள். நான் வேறு மாதிரி ஏதாவது சொல்லமாட்டேனா என்று கேட்டாள். சட்டத்தில் இடமில்லை என்றேன்.

"நாங்க குடும்பம் நடத்துனது தப்புங்குறாரா?"

தப்பில்லை, அவர்களுடைய சட்டம் அப்படி என்றேன். யாருடைய சட்டமாக இருந்தால் என்ன, பதினேழு வருஷம் கழித்தா வந்து சொல்வது என்று கேட்டுவிட்டு, தலைப்பை இழுத்து உடம்பைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள். கூறைப்புடவை தெரியக் கூடாது என்றுதான் போர்த்திக்கொண்டாள் என்று எனக்குப் பட்டது.

நானுஓயா ஸ்டேஷனில் மழை பிடித்துக்கொண்டது. வண்டிக்கு இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். கட்டிக்கொண்டு வந்த ரொட்டியையும் சம்பலையும் யாரும் பிரிக்கவில்லை. ஆண்டியப்பன் இரவல் கோட்டைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டு தண்டவாளத்தைப் பார்த்தபடி இருந்தான். பேசச் சொல்லி அவனைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது எனக்கு. நான் பேசியதெல்லாம் போதாதென்று.

வண்டி புறப்பட்டு வட்டகொடை தாண்டியதும் அவன் தானாகவே வாயைத் திறந்தான். "மாஸ்டர், ஹட்டனுல போயி, நாங்க ஒறவுக்காரங்க இல்லேன்னு சொல்லிப் பதிஞ்சிட்டா?"

ஆண்டியப்பன் பொய் சொல்லி நான் அறியேன். கவ்வாத்தில் ஒரு செடியை விட்டுவிட்டால் அதைக் கங்காணியிடம் தானே போய்ச் சொல்கிறவன். அவன் வாயிலிருந்து அந்த யோசனை வந்ததும் வேலாயி விருட்டென்று என்னைப் பார்த்தாள். எனக்கும் உயிர் வந்தது. ஏன் கூடாது, அவன் அப்பன் பெயர் வேறு, இவள் அப்பன் பெயர் வேறு, பாரத்தில் யாருக்கு என்ன தெரியப் போகிறது என்றேன். நாளைக்கே போவோம் என்றேன். வேலாயி ரொட்டியைப் பிரித்து எனக்கு முதலில் நீட்டினாள்.

ஒரு வாய் வைத்திருப்பேன். அப்போதுதான் அந்த மனு என் கண்முன்னே வந்தது.

மனுவில் ஓர் இடத்தில், மனைவி எப்போது, எப்படி இலங்கைக்கு வந்தாள் என்று கேட்டிருந்தது. மற்றவர்களுக்கெல்லாம் வருஷத்தை மட்டும் எழுதிய நான், வேலாயிக்காக ஒரு வரி கூடுதலாக எழுதினேன். அவள் எங்கிருந்தோ புதிதாக வந்தவள் இல்லை, பழைய தோட்டக் குடும்பத்துப் பெண் என்று காட்ட வேண்டும் அல்லவா. 'மனுதாரரின் மூத்த சகோதரி அம்மாக்கண்ணுவின் மகள், தாயோடு வந்து அன்றுமுதல் அதே தோட்டத்தில் வசிக்கிறாள்' என்று நல்ல இங்கிலீஷில், கொட்டை எழுத்தில் எழுதினேன். அதற்கு ஆதாரமாக அம்மாக்கண்ணுவின் பழைய தோட்டத்துத் துண்டுச் சீட்டையும் சேர்த்துத் தைத்து அனுப்பினேன். இந்த வரிக்காகத்தான் உங்களுக்குக் கிடைக்கப் போகிறது பார் என்று அன்றைக்கு வேலாயியிடம் சொல்லியும் இருந்தேன். இனி ஹட்டனில் என்ன பொய் சொல்லிப் பதிந்தாலும் அந்தச் சான்றிதழ் போய்ச் சேரும் இடம் அந்த மனு இருக்கும் கோப்புதான். அதில் உண்மை என் கையெழுத்தில் இருக்கிறது. பார்க்கிற அதிகாரி கிளார்க்கைப் போலக் கதவைச் சாத்திவிட்டுப் பேசமாட்டார்.

வாயில் இருந்த ரொட்டியை விழுங்கிவிட்டுச் சொன்னேன். சொல்லாமல் இருந்துவிடலாமா என்றும் ஒரு நிமிஷம் நினைத்தேன், அதையும் மறைப்பானேன். கோழைத்தனம்தான். ஆனால் ஆண்டியப்பனைச் சிறைக்கு அனுப்பத் தைரியமும் இல்லை.

இரண்டு பேரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். வேலாயி ரொட்டியைத் திரும்பக் கட்டினாள். தலவாக்கலையில் சனம் ஏறியது, இறங்கியது. வண்டி நகர்ந்த பிறகு அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் தனியா மனுப் போட ஏலுமா என்றாள். ஏலாது, போட வேண்டிய காலம் முடிந்துவிட்டது, போட்டாலும் நீ அங்கே பிறந்தவள் என்றேன். பிள்ளைகளையாவது அவரோடு விட ஏலுமா என்றாள். கல்யாணம் இல்லையென்றால் பிள்ளைகள் தாயோடுதான், அவனுக்குச் சட்டத்தில் பிள்ளைகளே இல்லை என்றேன். இப்படியே விட்டுவிட்டால் என்னவாகும் என்றாள். எல்லோருடைய பெயரும் போகும், ஆண்டியப்பன் கோர்ட்டுக்குப் போக வேண்டியும் வரலாம் என்றேன்.

கொட்டகலையில் வண்டி நின்றிருந்தபோது அவள் சொன்னாள். "எம் பேரையும் புள்ளைங்க பேரையும் வெட்டிருங்க மாஸ்டர். நான் அவரு பொஞ்சாதி இல்லன்னு எழுதிக் குடுத்துருங்க. அவருக்காச்சும் கெடைக்கட்டும்."

என்னிடம்தான் சொன்னாள். பார்த்தது ஆண்டியப்பனை.

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். வேண்டாம் என்று அவன் ஒரு சொல் சொன்னால் போதும், அதற்குமேல் என்ன கேடு வந்தாலும் சரி என்று நினைத்தேன். வேலாயியும் அதற்குத்தான் காத்திருந்தாள். இவ்வளவு தைரியமாகச் சொல்கிறவள், இல்லையென்று ஒருவன் மறுப்பான் என்று நம்பித்தான் சொல்கிறாள். வண்டி புறப்பட்டது. சுரங்கத்துக்குள் நுழைந்தது. இந்த முறை அவள் அவனைப் பிடித்துக்கொண்டாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது, இருட்டு. வெளியே வந்தபோது அவன் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தான்.

"மாஸ்டருக்கு எது சரின்னு படுதோ, அப்படிச் செய்யுங்க" என்றான்.

அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோர்ட் என்ற சொல்லை அவன் அன்றைக்குத்தான் தன்மேல் கேட்டான். அவன் அப்பன் புதைந்த மண் இது. அவனுக்குத் தெரிந்த ஒரே மண். ஒருத்தருக்காவது பத்திரம் இருந்தால் குடியிருக்கும் காம்பராவும் வேலையும் நிலைக்கும், பிள்ளைகளுக்கு ஒரு கூரை இருக்கும் என்று கணக்குப் போட்டிருப்பான். எல்லாம் நியாயம்தான். ஆனாலும் வேலாயி அதற்குப் பிறகு வட்டவளை வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஆண்டியப்பன் எழுதுவதாகவே அந்தக் கடிதத்தை ஞாயிற்றுக்கிழமை பகலில் பள்ளிக்கூட மேசையில் வைத்து எழுதினேன். மனுவில் மனைவி என்று குறித்த பெண் என் மனைவியல்ல, அவள் என் சகோதரியின் மகள், ஆதரவில்லாமல் என் வீட்டில் இருக்கிறாள், பிள்ளைகள் அவளுடையவர்கள், மனைவி என்று வந்தது மனு எழுதியவரின் பிழை. அதில் நான் மனமொப்பி எழுதியது கடைசி வரி ஒன்றுதான். ஆண்டியப்பன் கீழே கையெழுத்துப் போட்டான். அவனுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

ஐம்பத்தேழில் அவனுக்குப் பிரஜாவுரிமைப் பத்திரம் வந்தது. அவனுக்கு மட்டும். அவன் அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான், யாரிடமும் காட்டவில்லை. அதே காம்பரா, அதே அடுப்பு, அதே சோறு; பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் மாறவில்லை. ஆனால் வேலாயி நாலு பேர் முன்னால் அவனை மாமா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள். வேறு எப்படியும் கூப்பிடவும் இல்லை. அவன் இருக்கிற திசையைப் பார்த்து, யாருக்கோ சொல்கிற மாதிரி, சாப்பாடு ஆறுகிறது என்பாள். தெரியாதவர்கள் வந்து விசாரித்தால், அவர் எங்க மாமா, அம்மாவோட தம்பி என்பாள். அதோடு நிறுத்திக்கொள்வாள். மீனம்மாவைக் கட்டிக் கொடுத்தபோது தகப்பன் இடத்தில் நின்று தாரை வார்த்தவன் ஆண்டியப்பன்தான். அவள் கல்யாணப் பதிவில் தகப்பன் பெயர் இல்லை.

போன வருஷம் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் டில்லியில் உட்கார்ந்து எங்களைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். இத்தனை லட்சம் பேர் அங்கே, இத்தனை லட்சம் பேர் இங்கே. பத்திரம் இல்லாதவர்கள் முந்திக்கொண்டு இந்தியாவுக்குப் பெயர் கொடுப்பது நல்லது, பிந்தினால் இரண்டு பக்கமும் இல்லாமல் போய்விடும் என்று தோட்டமெல்லாம் பேச்சு. போன வாரம் பள்ளிக்கூடம் விட்டபிறகு வேலாயி வந்தாள். இந்தியாவுக்குப் பெயர் கொடுக்கிற மூன்று பாரத்தையும் கையில் வைத்திருந்தாள். பையன்கள் வளர்ந்துவிட்டார்கள், இங்கே அவர்களுக்கு ஒரு வேலை எழுதித் தருவார் இல்லை, எழுதுங்கள் என்றாள். வேறு யாரிடமாவது எழுதிக்கொள்ளக் கூடாதா என்று கேட்க நினைத்தேன். என்னை விட்டால் தோட்டத்தில் வேறு யார் இருக்கிறார்கள்.

அவள் பெயரை எழுதினேன். பிறந்த ஊர் எழுதினேன். அடுத்த கட்டத்தில் அவளைக் கேட்காமலே நான் எழுத ஆரம்பித்தபோது அவள் விரலை நீட்டிக் காகிதத்தின்மேல் வைத்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. நான் கேட்காமல் எழுதுகிறேன் என்பது தெரிந்துவிட்டது.

"அதுல என்னா எழுதுறீங்க?"

உன் புருஷன் பெயர் என்றேன்.

"வேணாம் மாஸ்டர். அத எழுதி, அவர யாரும் வந்து புடிச்சிக்கிட்டா? இல்லன்னே எழுதுங்க. முந்தி நீங்க எழுதுனதுதானே."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு ஞாபகப்படுத்துகிற மாதிரி, உதவியாகச் சொன்னாள். நான் அடித்துவிட்டு, இல்லை என்று எழுதினேன். பையன்கள் இருவருடைய பாரத்திலும் தகப்பன் பெயர் கேட்ட இடத்தில் அப்படியே எழுதினேன். மூன்றையும் அவள் மடித்து மடியில் செருகிக்கொண்டாள். வெளியே மழையில் ஆண்டியப்பன் குடையோடு அவளுக்காகக் காத்திருந்தான்.